படத்திலே இல்லாதவர்கள்

1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் யூட்டா பகுதியிலே பிராமண்டரி என்றொரு மேட்டுநிலம். கிழக்கேயிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி போட்டுக்கொண்டு வந்த இருப்புப்பாதையும், மேற்கேயிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி போட்டுக்கொண்டு வந்த இருப்புப்பாதையும் அன்று அங்கே கூடின. 1,776 மைல் நீளப் பாதை முடிந்தது. இரண்டு இரயில் எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின்மீது ஏறி நிற்போர் மதுப்புட்டிகளை நீட்டுகின்றனர். நடுவிலே இரு கம்பெனிகளின் தலைமைப் பொறியாளர்களும் கைகுலுக்குகின்றனர். சுற்றிலும் பெருங்கூட்டம், பெருங்களிப்பு!

இந்தக் காட்சியைப் படம் பிடித்தவர் ஆண்ட்ரூ ஜோசப் ரஸ்ஸல். அமெரிக்க வரலாற்று நூல்களிலே ஓயாமல் அச்சாகும் படம் இது. கூட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். கம்பெனி அதிகாரி இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், வெள்ளைத் தொழிலாளரும் இருக்கின்றனர். மேற்குப் பாதையை முதுகொடியப் போட்ட சீனத் தொழிலாளி எங்கே? முகம் தெரியும்படி ஒருவர்கூட இல்லையே!

அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரல்லர். சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் வேலையாட்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் சீனர்கள். வேலை மும்முரமாக நடந்த நாட்களிலே 10,000க்கும் மேற்பட்டோர். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளச் சுரங்கப்பாதை அமைத்தவர்கள் அவர்களே. மேலே பனி, கீழே பாறை, கையிலே உளியும் சம்மட்டியும், பக்கத்திலே எப்போது வெடிக்குமோ என்ற நைட்ரோகிளிசரின்! பனிச்சரிவிலே புதைந்து, வெயில் வந்து பனி உருகிய பிறகே பிணமாகக் கிடைத்தவர்களும் உண்டு. எத்தனை பேர் மாண்டனர் என்று கம்பெனி கணக்கு வைக்கவில்லை.

வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலியோடு சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனியின் செலவு. சீனத் தொழிலாளியோ தன் கூலியிலிருந்தே வயிற்றைக் கழுவ வேண்டும். 1867 ஜூன் திங்களிலே ஆயிரக்கணக்கான சீனர்கள் கருவிகளைக் கீழே வைத்தனர். மாதம் 40 டாலர் கூலி, வெளியிலே 10 மணி நேரம், சுரங்கத்துக்குள்ளே 8 மணி நேரம் வேலை: இதுதான் அவர்கள் கேட்டது. கலகம் இல்லை, கல்வீச்சு இல்லை. முதலாளி சார்லஸ் கிராக்கர் என்ன செய்தார்? மலைமீது போகும் உணவுப் பொருளை நிறுத்தினார்! பட்டினி போட்டு ஒரு வாரத்திலே போராட்டத்தை முடித்தார்.

1869 ஏப்ரல் 28-இல் அதே கம்பெனி ஒரே நாளில் 10 மைலுக்கும் மேலாகத் தண்டவாளம் போட்டுச் சாதனை புரிந்தது. தண்டவாளத்தைத் தூக்கி வைத்த அயர்லாந்துக்காரர் எட்டுப் பேரின் பெயரும் ஏட்டிலே இருக்கிறது. அவர்களும் பாட்டாளிகளே, அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே. ஆனால் அன்று சிலிப்பர் கட்டை சுமந்து, ஆணியடித்து, ஜல்லி கெட்டித்த ஆயிரமாயிரம் சீனரின் பெயர்? கேட்பாரில்லை!

"படமெடுத்தவர் செய்த சூதா இது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரஸ்ஸல் யார்? ஓவியராகத் தொழில் தொடங்கியவர். உள்நாட்டுப் போரிலே வடக்குப் படையின் கேப்டனாக இருந்து, இராணுவ இருப்புப்பாதைக்காகப் படமெடுத்தவர். 1868-இல் யூனியன் பசிபிக் கம்பெனி அவரை அமர்த்திக்கொண்டது. சீனரை வேலை வாங்கியது எதிர்க் கம்பெனி. அவருடைய உழைப்பும் எளிதன்று. கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது காயுமுன் படம் பிடித்து, காயுமுன் கழுவியாக வேண்டும். பாலைவெளியிலே இருட்டறையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனவர் அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நாளிலே, அதே இடத்திலே, கடைசித் தண்டவாளம் போடும் சீனரையும் ரஸ்ஸல் படமெடுத்திருக்கிறார்! கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்க்கும் இரட்டைப் படம் அது. ஆகவே காமிரா அவர்களைக் கண்டது. கண்டதை நாட்டுக்குக் காட்டாமல் விட்டவர்கள் யார்? கைகுலுக்கும் படத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, அதையே வரலாறு என்று அச்சடித்துப் பரப்பியவர்களே! படம் பொய் சொல்லவில்லை. பொறுக்கியெடுத்த கை சொல்லிற்று.

விந்தை என்னவென்றால், ரஸ்ஸலுக்கும் அதே கதிதான். அவருடைய படத் தகடுகள் வேறொருவர் கைக்குப் போயின. சொற்பொழிவு மேடைகளிலே அவற்றைக் காட்டிப் புகழ் தேடிக்கொண்டார் அவர். கைகுலுக்கும் படத்தையோ சால்ட் லேக் நகரத்துச் சாவேஜ் எடுத்ததென்று நெடுங்காலம் நம்பினர். ரஸ்ஸல் 1902-இல் மறைந்தார்; அவர் பெயர் மீண்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே. கூலிக்கு உழைத்தவர் காமிரா பிடித்தாலென்ன, சம்மட்டி பிடித்தாலென்ன? ஆதாயம் ஒருவருக்கு, மறதி மற்றவருக்கு!

மறதி தீங்கற்றது என எண்ணிவிடாதீர்கள். பாதை முடிந்து 13 ஆண்டுகளிலே, 1882-இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரவே கூடாது என்று சட்டம் இயற்றினர். 1943 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. "இந்நாட்டை நாங்களும் கட்டினோம்" என்று சொல்ல அவர்களுக்குப் படம் இல்லை, ஏடு இல்லை. 1969-இல் நூற்றாண்டு விழா. அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் வோல்பி மேடையேறி, இந்த மலைகளைக் குடைய அமெரிக்கரையன்றி யாரால் முடியும் என்ற பொருளிலே முழங்கினார். குடைந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமையே மறுக்கப்பட்டிருந்தது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை!

145 ஆண்டு கழித்து, 2014 மே 10 அன்று, கார்க்கி லீ என்ற சீன அமெரிக்கப் புகைப்படக்காரர் அதே பிராமண்டரியிலே சீனத் தொழிலாளரின் வழித்தோன்றல்களை எஞ்சின்களுக்கு முன் நிறுத்திப் படமெடுத்தார். அதே ஆண்டிலே அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்தச் சீனத் தொழிலாளரைத் தன் பெருமைப் பட்டியலிலே சேர்த்தது. காலங்கடந்த நீதிதான். ஆயினும் கேட்டுப் பெற்ற நீதி!

எனவே, தோழர்களே! திறப்பு விழாப் படம் எதைக் கண்டாலும், கைகுலுக்குவோரைப் பார்த்துக் கண்ணை எடுத்துவிடாதீர்கள். கட்டியவர் எங்கே என்று கேளுங்கள். படத்தின் ஓரத்துக்கு அப்பாலே நிற்பவர்தான் பாதை போட்டவர்!