கடைத் தேங்காய்

ஒருவர் சிறைக்குப் போய்விட்டால் அவர் செய்த தருமமெல்லாம் சிலருக்குப் புனிதமாகிவிடுகிறது, சிலருக்கு வேஷமாகிவிடுகிறது. ருஷ்ய எண்ணெய் அதிபர் மிகயீல் கொதர்கோவ்ஸ்கியைப் பற்றி இருபது ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் பேச்சு இதற்குள்தான் சுற்றுகிறது. மேற்கத்தியப் பத்திரிகைகளை நம்புவோருக்கு அவர் புதினை எதிர்த்த வள்ளல். மேற்கை நம்பாதவர்களுக்கு அவர் மக்கள் சொத்தைச் சுருட்டியவர். இரு தரப்பும் பாதிக் கணக்கைத்தான் பார்க்கின்றன.

பணம் வந்த வழியிலிருந்து தொடங்குவோம். சோவியத்தின் கடைசி ஆண்டுகளில், கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் நிழலில் வியாபாரம் தொடங்கி மெனாதெப் வங்கியை உருவாக்கினார் கொதர்கோவ்ஸ்கி. 1995இல் யெல்த்சின் அரசின் கஜானா காலி. அரசு தன் எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகளை வங்கிகளிடம் அடகு வைத்துக் கடன் வாங்கியது. அடகை மீட்கவில்லை. யூகோஸ் ஏலத்தை நடத்தியது மெனாதெப், வென்றதும் மெனாதெப்பின் ஆட்கள். போட்டிக்கு வந்த வங்கிகளின் விண்ணப்பம் தள்ளுபடியானது. 78 விழுக்காட்டுப் பங்குக்குக் கொடுத்த தொகை சுமார் 31 கோடி டாலர். 2004இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவருடைய சொத்தை 1,500 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அவருடைய நிர்வாகத்தில் உற்பத்தி பெருகியது, கணக்குகள் வெளிப்படையாயின என்பதும் உண்மை. ஆனால் அடகுக்கடைக்காரரே ஏலம் கூறி நகையைத் தானே எடுத்துக்கொண்ட பிறகு, அதை எவ்வளவு பளபளப்பாக மெருகேற்றினார் என்பது இரண்டாவது கேள்விதான்.

அடுத்தது தருமம். 1994இல் மாஸ்கோவுக்கு அருகே கொராலோவோவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி. அதை அவருடைய பெற்றோர் நடத்தினார்கள். 2001இல் ‘திறந்த ருஷ்யா’ அறக்கட்டளை. பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினியும் இணையமும் கற்றுத்தரும் திட்டம். 2003இல் ருஷ்ய மானுடவியல் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக வாக்குறுதி. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஆனால் அந்தத் தேங்காய்ச் சில்லு பசித்த பிள்ளையின் வயிற்றுக்குள் போனது. அதையும் மறைக்கக் கூடாது.

பிறகு வழக்கு. 2003 பிப்ரவரியில் கிரெம்ளினில் புதின் முகத்துக்கு நேரே ஊழலைப் பற்றிப் பேசினார். அக்டோபரில் கைது. 2005இல் வரி ஏய்ப்பு, மோசடி என்று தண்டனை. 2010இல் யூகோஸ் உற்பத்தி செய்த எண்ணெயையே திருடினார் என்று இன்னொரு தண்டனை. வருமானத்துக்கு வரி கட்டவில்லை என்று முதலில் சொன்ன அரசு, அந்த எண்ணெயே திருட்டுப் பொருள் என்று பிறகு சொன்னது. இதற்கிடையே, 2004 டிசம்பரில் யூகோஸின் மிகப்பெரிய உற்பத்திப் பிரிவை அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. சில நாட்களில் அந்த நிறுவனத்தையே அரசின் ரோஸ்நெஃப்ட் வாங்கியது. 1995இன் நாடகமேதான், நடிகர்கள்தான் வேறு. மக்கள் சொத்தை மீட்டோம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. 1995 ஏலங்களில் கொழுத்து, கிரெம்ளினுக்கு அடங்கி நடந்தவர்கள்மீது கை வைக்கப்படவில்லை.

ஆக, பணம் நேர்மையாக வந்ததில்லை, தருமம் பொய்யில்லை, வழக்கு நீதியில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிப்பவர்களோடுதான் என் சண்டை.

இந்த மூன்றையும் கட்டிய கயிறு ஒன்றே: சலுகை. யூகோஸ் அவருக்குச் சலுகையாக வந்தது, சலுகை முடிந்ததும் பறிபோனது. 2013 டிசம்பரில் கிடைத்த விடுதலைகூடத் தீர்ப்பு இல்லை, புதின் கையெழுத்திட்ட மன்னிப்பு. அவர் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் அதே இனம்தான். கைதான ஆண்டே பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து அவருடைய கூட்டாளி விலகினார், பண வாக்குறுதியும் கரைந்தது. 2006இல் ‘திறந்த ருஷ்யா’வின் வங்கிக் கணக்குகளை நீதிமன்றம் முடக்கியது. என் தொழிலில், எல்லாவற்றையும் ஒரே சர்வரில் ஏற்றிவைத்தால், அது விழும் நாளில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆசிரியர்களின் பயிற்சியை ஒரு கோடீஸ்வரரின் சட்டைப்பையில் வைத்ததும் அப்படித்தான்.

‘அவர் கொடுக்காமலே இருந்திருக்க வேண்டுமா?’ என்று கேட்பார்கள். கொடுத்தது நல்லதே. ஆனால் அந்த எண்ணெயை நேர்மையாக ஏலம் விட்டிருந்தால், வரியை ஒழுங்காக வசூலித்திருந்தால், கணினிப் பயிற்சிக்காக எந்த ஆசிரியரும் எந்த வள்ளலையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அது அவர்களுக்கு உரிமையாகவே வந்திருக்கும். அதிபர் விழுந்தாலும் நின்றிருக்கும். குற்றக்கூண்டில் அந்த ஆசிரியர்கள் நிற்கவில்லை. தண்டனையில் மட்டும் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.