ஓராண்டுப் பயிற்சி யாருக்கு எட்டுகிறது?

கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளை, ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக வீட்டில் சொல்லும்போது, பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருவார்களா?” கல்விக் கடன் தவணை காத்திருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆயினும் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. அந்த ஓராண்டில் பிள்ளைக்குக் கற்றுத்தரப் பொறுப்பேற்பவர் யார்? அந்த ஓராண்டுச் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியுமா? இந்த இரண்டுக்கும் நல்ல விடை இல்லாத பயிற்சி, வேலைக்கே வழிவகுத்தாலும் கல்வியாகாது.

இக்கேள்விகளைத் திருவனந்தபுரத்தை வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இயங்குகிறது. கழக்கூட்டத்தை அடுத்து, 1990-ல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகத் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் உள்ளது. வங்கிகள், அரசு நிறுவனங்கள், ஆய்வுக்கூடங்கள் என்று இளைஞர்கள் தொழில் பழகக்கூடிய இடங்களும் பல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியுடன் இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் மாணவர்களுக்கு இது அயல் மாநிலத் தலைநகராயினும் அயலூர் அன்று. நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை ரயிலில் சென்று இரவு வீடு திரும்புவோர் அநேகர். மலையாளம் அவர்கள் காதுக்குப் பழகிய மொழி. அவர்களுக்கு இருக்கும் தடை மொழியன்று, பணம்.

முதலில், சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம். இத்தகைய பயிற்சிகளுக்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயப் படிப்பு முடித்தவர்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பிற துறைப் பட்டதாரிகளுக்கும் வழிதிறந்தது. இச்சட்டத்தின் பார்வையில் பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. அதே சமயம், பணியிடப் பாதுகாப்பு, நலவசதிகள், விபத்து நேர்ந்தால் இழப்பீடு ஆகியவை அவருக்கு உண்டு. பயிற்சி ஒப்பந்தம் எழுத்து வடிவில் பதிவு செய்யப்பட வேண்டும். பயிற்சியை நிறைவு செய்தவருக்கு மத்திய அரசின் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும். தென்மாநிலங்களில் பட்டதாரி, பட்டயப் பழகுநர்களுக்கான பொறுப்பைச் சென்னைத் தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் ஏற்றிருக்கிறது.

“வேலை உறுதி இல்லையென்றால் ஓராண்டு வீண்தானே?” என்று சிலர் எண்ணக்கூடும். தும்பாவின் தொடக்க கால வரலாற்றிலேயே இதற்கு மறுமொழி உண்டு. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது, அந்தச் சிறு குழுவில் பணியாற்றியவர்களுள் அப்துல் கலாமும் ஒருவர். சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விமானப் பொறியியல் படித்த அவர், அதன்பின் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் குழுவில் பணிபுரிந்தார். வகுப்பறையில் படித்தது பட்டறையில் எப்படி இயங்குகிறது என்பதை அங்குதான் கண்டார். ஆனால் 1958-ல் அவருக்கு வேலை கிடைத்தது அந்தத் தொழிற்சாலையில் அன்று; பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த வேறொரு இயக்ககத்தில். பழகிய இடம் ஒன்று, பணிபுரிந்த இடம் வேறொன்று என்றாலும், பழகிய தொழில் கையோடு வந்தது.

கை பழகுவது தானாக நிகழ்வதில்லை. அருகிலிருந்து திருத்துவதற்கு ஒருவர் வேண்டும். வரைபடத்தில் ஒரு கோடாக இருக்கும் அளவு, கடைசல் எந்திரத்தில் எவ்வளவு துல்லியத்தைக் கேட்கிறது என்பதைப் பாடநூல் காட்டாது. பிறர் எழுதிய மென்பொருளைப் படித்துப் பிழை கண்டறிவதையும், கோபத்தோடு வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாக விளக்கம் சொல்வதையும் செய்தும் பார்த்துமே கற்க முடியும். நல்ல நிறுவனங்கள் இதை உணர்ந்து, மூத்த ஊழியர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, எந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று திட்டமிடுகின்றன. பயிற்சியாளரை நகலெடுக்கவும் தேநீர் வாங்கிவரவும் அமர்த்தும் இடங்களும் இல்லாமலில்லை. அத்தகைய இடத்தில் மாணவர் இழப்பது அந்த ஓராண்டை மட்டுமன்று, தொழிலின் மீதுள்ள மதிப்பையும் சேர்த்துத்தான்.

அடுத்தது பணம். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. 26 வேலைநாள்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 346 ரூபாய். 2024–25-ஆம் நிதியாண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கேரளத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலியும் இதே 346 ரூபாய்தான். உடலுழைப்புக்கு அந்தக் கூலி மிகையென்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கூலி ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்பட்டு வந்தது; பழகுநரின் உதவித்தொகையோ பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் மன்றம், 36 விழுக்காடு உயர்த்தி, உச்ச வரம்பை 12,300 ரூபாயாக்கப் பரிந்துரைத்தது. வரவேற்கத்தக்க பரிந்துரை. எனினும் சிக்கல் தொகையின் அளவில் மட்டும் இல்லை. வீட்டிலிருந்து பேருந்தில் சென்றுவரும் பிள்ளைக்கும், திருவனந்தபுரத்தில் விடுதி அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் பணம் கட்டும் பிள்ளைக்கும் ஒரே தொகை என்பதுதான் சிக்கல். முன்னவருக்கு அது சேமிப்பாகிறது. பின்னவருக்குப் போதாமல் வீட்டிலிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது. அப்படி அனுப்ப இயலாத குடும்பத்துப் பிள்ளை, நல்ல பயிற்சியிடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு, ஊரிலேயே கிடைத்த ஏதோ ஒரு வேலையில் சேர்ந்துவிடுகிறது.

தொலைவு எவ்வளவு பெரிய தடை என்பதைப் பிரதமர் பயிற்சித் திட்டத்தின் முதல் சுற்று காட்டியது. முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாத 21 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கு, பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் என்று 2024 அக்டோபரில் இத்திட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் வாய்ப்பை ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். பயிற்சியில் உண்மையில் சேர்ந்தவர்களோ சுமார் 8,700 பேர்தான். இடத்தின் தொலைவும் நீண்ட பயிற்சிக் காலமும் காரணங்களுள் சொல்லப்பட்டன. ஏற்றுக்கொண்ட பின்னரும் இத்தனை பேர் வராமல் போனதை ஆர்வக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

இதற்குத் தீர்வு நம் வங்கித் துறையிலேயே முன்மாதிரியாக இருக்கிறது. பொதுத்துறை வங்கிகள் சில, பட்டதாரிப் பழகுநர்களுக்கு ஊரகக் கிளையில் 10,000 ரூபாய், நகரக் கிளையில் 12,000 ரூபாய், பெருநகரக் கிளையில் 15,000 ரூபாய் என்று இடத்துக்கேற்ப உதவித்தொகையை வகுத்துள்ளன. ஊருக்கு ஊர் செலவு வேறு என்ற எளிய உண்மையை இம்முறை ஏற்கிறது. இதே வழியை மற்ற நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் பின்பற்ற வேண்டும். அத்துடன், வீட்டை விட்டு வெளியூரில் தங்கிப் பயில்வோருக்குத் தங்குமிடப் படி ஒன்றைத் தனியே சேர்ப்பதும் நியாயமானது. பயிற்சியிடம் தகுதியால் கிடைக்கும்போது, அதில் சேர்வது மட்டும் தந்தையின் வருமானத்தைப் பொறுத்திருப்பது முறையன்று.

பெற்றோர் செய்ய வேண்டியவையும் சில உண்டு. பயிற்சி ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா, அதில் கால அளவும் உதவித்தொகையும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வழிகாட்டியாக இருப்பவர் யார் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். 2024 முதல் அரசின் பங்குத் தொகை பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தப்படுவதால், பிள்ளையின் பெயரில் ஆதார் இணைந்த கணக்கு இருப்பது அவசியம். பயிற்சியிடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணமோ வைப்புத் தொகையோ கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த இதழை வாசிப்போருள் தொழில் நடத்துவோரும் பலர் இருப்பீர்கள். 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. எனவே உங்கள் கையிலிருந்து செல்லும் தொகை பெரிதன்று. விதிக்காக எண்ணிக்கையை நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், சேரும் ஒவ்வோர் இளைஞருக்கும் பொறுப்பான ஊழியர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். வெளியூரிலிருந்து வருபவர் எனில், அவருக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். இந்த இரண்டையும் செய்வதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.