பின் இருக்கையில் அம்மா

மைக் முன்னால் உட்கார்ந்தால் ‘நேயர்களே’ என்றுதான் வாய் தொடங்கும். இங்கே ‘வாசகர்களே’ என்று சொல்லிப் பழக எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் போய்விட்டுக் கோலாலம்பூர் திரும்பும்போது நடந்தது இது. நான் கார் ஓட்டினேன். பக்கத்தில் கணவர். பின்னால் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு சிறுவர் இருக்கையில். 2020 ஜனவரியிலிருந்து அது சட்டப்படி கட்டாயம் என்பதால் இரண்டு ஓரமும் அவர்களுக்கே. நடுவில் மிஞ்சுகிற ஒரு முழ இடம் அம்மாவுக்கு. “நான் ஒல்லிதானே, இதுவே தாராளம்” என்பார்.

தாப்பா ஓய்வு நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பியதும் வானொலியைத் திறந்தேன். என் நிகழ்ச்சி ஒன்று மறுஒலிபரப்பாகும் நேரம் அது. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியோடு நான் செய்த பேட்டி. அதற்காக மூன்று நாள் எடிட்டிங் அறையிலேயே கிடந்திருக்கிறேன். அம்மாவும் கல்யாணத்துக்கு முன் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். அவருக்காகவே செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

சிலிம் ரிவர் வரும்போது நிகழ்ச்சி முடிந்தது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, “எப்படிம்மா இருந்துச்சு?” என்றேன்.

“நல்லா இருந்துச்சும்மா.”

“எந்த இடம் பிடிச்சுது?”

அம்மா சிரித்தார். “உன் குரல்னு தெரிஞ்சுது. என்ன பேசுனீங்கன்னுதான் சரியா விளங்கல.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா! சத்தத்தைக் கூட்டியிருப்பேனே.”

“கூட்டுனா முன்னால உக்காந்திருக்கற உங்களுக்குக் காது வலிக்கும்ல.”

இந்தக் காரை வாங்கி மூன்று வருடமாகிறது. மூன்று வருடமாக அம்மா அந்த நடு இருக்கையில் உட்கார்ந்து, விளங்காத என் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஒலியை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் என் காரின் பின் இருக்கையில் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

முதலில் அங்கே உட்காருங்கள்

அடுத்த சனிக்கிழமை கணவரை ஓட்டச் சொல்லிவிட்டு, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து தாமானை இரண்டு சுற்று சுற்றினேன். பின் சக்கரங்களின் இரைச்சல் அங்கே முன்னால் கேட்பதைவிட அதிகம். அந்த இரைச்சலுக்குள் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

பின் ஸ்பீக்கர் மெதுவாகக் கேட்பதற்குக் காரில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான கார்களை ஓட்டுநரின் காதை மனத்தில் வைத்துத்தான் ஒலி அமைக்கிறார்கள். நல்ல ஸ்பீக்கர் முன் கதவில் போகும். உச்ச ஒலிக்கான சின்ன டுவீட்டரும் முன்னால்தான். பின் கதவுக்குக் கிடைப்பது பல நேரங்களில் விலை குறைந்த ஒற்றைக் காகிதக் கூம்பு. விலை குறைந்த சில ரகங்களில் பின் கதவின் சல்லடைக்குப் பின்னால் ஸ்பீக்கரே இருக்காது, வெறும் குழிதான். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் கதவில் காதை வைத்துச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

காசில்லாத பத்து நிமிட வேலை

வானொலிப் பெட்டியின் ஒலி அமைப்புப் பகுதியில் ‘ஃபேடர்’ என்று ஒன்று இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒலியைப் பங்கிடுவது அது. ‘பேலன்ஸ்’ இடத்துக்கும் வலத்துக்கும் பங்கிடுவது. என் காரில் ஃபேடர் முன்பக்கம் தள்ளியிருந்தது. போதாக்குறைக்கு, ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் ஒலியைக் குவிக்கும் அமைப்பு ஒன்றும் போட்டிருந்தது. பழைய உரிமையாளர் தனியாளாக ஓட்டியவர் போலும். இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே குறைந்தது.

அடுத்து, பாஸ் ஒலியை இரண்டு படி குறைத்தேன். நம்மில் பலர் அதை உச்சியில் வைத்துவிடுகிறோம். பெட்டியின் சக்தியில் பெரும்பகுதியைக் குடிப்பது அதுதான். அதைக் குறைத்தால் பேச்சுக்கு இடம் கிடைக்கும். கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் கேட்பவர்கள் கைப்பேசியின் சத்தத்தை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் கார்ப் பெட்டியில் செய்யுங்கள்.

கம்பி மாறிய கதை

அதன் பிறகும் நடு இருக்கையில் குரல் பொள்ளலாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கிறது! இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளி உள்ளே இழுப்பதால்தான் ஒலி பிறக்கிறது. இடமும் வலமும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும், ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கூட்டல் கம்பியும் கழித்தல் கம்பியும் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒன்று கொடுக்கும் காற்றை இன்னொன்று விழுங்கிவிடும். அடித்தொனிதான் முதலில் காணாமல் போகும். மனிதக் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருவதால், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் இருப்பவருக்குத்தான் சேதம் அதிகம். ஓரத்தில் இருப்பவர் பக்கத்து ஸ்பீக்கரையே அதிகம் கேட்பதால் தப்பித்துக்கொள்வார். அந்தக் காரிலேயே மோசமான இடத்தில்தான் நான் அம்மாவை உட்கார வைத்திருந்தேன்.

இதை நீங்களே சோதிக்கலாம். காரை நிறுத்திவிட்டு ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் வைத்துக் கேளுங்கள், பிறகு வலப்பக்கம், பிறகு நடுவில். நடுவுக்கு வரும்போது ஒலி நிறைந்து வர வேண்டும். அதற்குப் பதிலாக மெலிந்து போனால் ஒரு பக்கக் கம்பி மாறியிருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க ஊமையாகவோ, கதவைத் திறந்து மூடும்போது விட்டு விட்டோ கேட்டால், கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாய்க்குள் கம்பி அறுந்திருக்கலாம். கதவு தினமும் மடிக்கும் இடம் அது.

கார் அலங்காரப் பொருள் கடையில் கதவைக் கழற்றிப் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. வலப்பக்க ஸ்பீக்கர் யாரோ பிறகு மாற்றியது, கம்பி தலைகீழ். கடையிலிருந்த சீனத் தம்பி ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்றிவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு நொடி தொட்டுக் காட்டினார். கூட்டலோடு கூட்டல் தொட்டால் கூம்பு வெளியே குதிக்கும். அதை வைத்து முனைகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இடப்பக்க ஸ்பீக்கரின் ஓர ரப்பர் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் விட்டுப்போயிருந்தது. இரண்டையும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பெட்டியில் பார்க்க வேண்டிய எண்

கடையில் முதலில் கண்ணில் படுவது ‘300 வாட்’ என்ற பெரிய எழுத்து. அதை மறந்துவிடுங்கள். அது ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கும் உச்சம் மட்டுமே, தரும் சத்தமல்ல. தொழிற்சாலையில் பொருத்தி வரும் சாதாரணப் பெட்டி ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்தான்.

பார்க்க வேண்டியது பெட்டியின் பின்புறம் சின்னதாக அச்சிட்டிருக்கும் உணர்திறன். டெசிபெல்லில் இருக்கும். 88 இருக்கும் இடத்தில் 91 வாங்கினால், அந்த மூன்று டெசிபெல் வித்தியாசம் பெட்டியின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கூடுதல் மின்சாரம் இல்லாமலே கிடைப்பது. அடுத்து ஓம். பழையது 4 ஓம் என்றால் புதியதும் 4 ஓமாக இருக்கட்டும். குறைந்தால் பெட்டி சூடாகும், 8 ஓம் போட்டால் கிடைக்கும் சக்தி பாதியாகும்.

பொருத்தும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையே இடைவெளி விடாத வளையம். முன்னால் வரும் காற்று ஓட்டை வழியே பின்னால் ஓடினால் ஒலி மெலியும். இரண்டு, கதவின் தகரம் அதிராமல் ஒட்டும் பியூட்டைல் தாள். தொழிற்சாலைக் கம்பியை வெட்டாமல், பொருந்தும் இணைப்பியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். உத்தரவாதம் இன்னும் இருக்கும் கார் என்றால் விற்றவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

எனக்கு ஸ்பீக்கர் இரண்டும் 160 வெள்ளி, தாளும் வளையமும் 40, கூலி 60. மொத்தம் 260 வெள்ளி.

இதிலும் போதவில்லை என்றால்தான் நான்கு வழி சின்ன ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும் வகைகள் இருக்கின்றன, பழைய பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மின்சாரம் கார் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் எவரையும் கம்பி இழுக்க விடாதீர்கள். தீ விளையாட்டு அது. எனக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொரு பாதி

காரைச் சரிசெய்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குறை முழுவதும் கதவில் இல்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. ‘பல்’லையும் ‘கல்’லையும் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள், “சத்தம் கேக்குது, பேச்சு விளங்கல” என்கிறார்கள். அந்த இடத்தில் நாம் கத்தினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது.

கிளினிக்கில் கடிதம் வாங்கி அம்மாவை மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு காதிலும் லேசான குறைவு, உச்ச ஒலியில் கொஞ்சம் அதிகம். காதுக் கருவி பற்றி வீட்டில் பேச்சு ஓடுகிறது. அம்மா இன்னும் “பாக்கலாம், பாக்கலாம்” என்கிறார். விடமாட்டேன். காரில் டிரெபிளை இரண்டு படி கூட்டி வைத்திருக்கிறேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மறுபடி சுங்கை சிப்புட் பயணம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் அதே பேட்டியின் பதிவைப் போட்டேன். சத்தம் சாதாரண அளவுதான். பின்னால் ஒரு பேச்சில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பீடோர் வரும்போது நிகழ்ச்சி முடிந்தது. நான் கேட்பதற்கு முன்பே அம்மா தொடங்கினார்.

“அந்தம்மா ஆறு மணிக்குப் பெரட்டுன்னு சொல்லுது. எங்க தோட்டத்துல அஞ்சு மணிக்கே பெரட்டு. இருட்டோட போயி நிக்கணும். லேட்டா போனா அன்னிக்கு வேலை இல்ல.”

“இதெல்லாம் நீ சொன்னதே இல்லையேம்மா.”

“நீ கேட்டதில்லையே.”

பிறகு ஈப்போ வரை அம்மாதான் பேசினார். தலையில் கட்டிய விளக்கு, மழையில் வீணான பால், மங்குக் கழுவிய கை நாற்றம், சம்பளத்தன்று கடை வாசலில் நின்ற வரிசை. நான் வானொலியை அணைத்துவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்று சொன்னார்: “நீ ரேடியோவுல ரொம்ப வேகமா பேசுற. கொஞ்சம் நிறுத்திப் பேசு.” பல வருடமாக எந்த நேயரும் சொல்லாத விமர்சனம். அன்றிலிருந்து நிறுத்தித்தான் பேசுகிறேன்.

இந்த வாரக் கடைசியில் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, உங்கள் காரின் பின் இருக்கையில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அங்கே எப்போதும் உட்காருபவர் அநேகமாகக் குறை சொல்லாதவராகத்தான் இருப்பார்.