"இல்லை மிஸ்" என்ற பதில்



இணையத்தில் எமது பிள்ளைகள் படும் துன்பத்தை எப்படி அளப்பது? வெள்ளவத்தையில் வீடுகளுக்குப் போகும்போது பதின்மவயதுப் பெண்பிள்ளைகளிடம், "போனில் யாரும் உங்களைத் துன்புறுத்தினார்களா?" என்று கேட்டால், "இல்லை மிஸ்" என்பார்கள். அதே பிள்ளையிடம், "கடந்த மூன்று மாதத்தில் உங்கள் படத்தை யாராவது கேட்காமல் மற்றவர்களுக்கு அனுப்பினார்களா? உங்கள் பெயரில் பொய்க் கணக்குத் திறந்தார்களா? வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பட்டம் தெளித்தார்களா?" என்று கேளுங்கள். பிள்ளை தாயைத் திரும்பிப் பார்க்கும்.

நோர்வே நாட்டு டான் ஒல்வியஸ் 1980களில் பாடசாலைத் துன்புறுத்தலை இப்படித்தான் அளந்தார். எத்தனை முறை நடந்தது என்று பிரித்துக் கேட்டார். இணையவழித் துன்புறுத்தலுக்கென்று கிரேக்க ஆய்வாளர்கள் தயாரித்த வினாக்கொத்து ஒன்றை ஈரானில் பாரசீக மொழிக்கு மாற்றி மாணவரிடம் சோதித்தார்கள். அது பிள்ளைக்கு நடந்ததை மட்டுமல்ல, பிள்ளை மற்றவருக்குச் செய்ததையும் கேட்கிறது. எங்கள் ஆம்பிளைப்பிள்ளைகளிடமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். தமிழில் கேட்பதென்றால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. "பட்டம் தெளிப்பது" என்றால் உடனே விளங்குகிற பிள்ளைக்கு "இணையவழித் துன்புறுத்தல்" என்றால் ஏதோ பொலிஸ் விவகாரமாகத் தெரிகிறது.

ஆனால் சொல்லை விடப் பெரிய தடை பயம். ஓம் என்று சொன்னால் போன் பறிபோகும், ரியூஷன் நிற்கும், "நீ ஏன் படம் அனுப்பினாய்?" என்ற கேள்வி வரும். சில வீடுகளில் கலியாணப் பேச்சே தொடங்கிவிடும். பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

தாய்மாருக்கும் ஒரு பயம் உண்டு. முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அக்கா நான் பேனையை எடுக்கவே, "பேர் எழுதுவீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனாலும் பெயர் எழுதும் கடதாசி என்றால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு இடிக்கும். அது நியாயமான பயம்தான்.

அதனால் எங்கள் தாள்களில் பெயர் இல்லை, முகவரி இல்லை. உதவி வேண்டிய பிள்ளை தனியே என்னிடம் வரலாம். அவசரமென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுக்கலாம். வெட்கத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஸ்கிறீன்சொட் எடுத்து, திகதியோடு வைத்திருங்கள்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். மகள் தாளை நிரப்பும்போது பக்கத்தில் நிற்காமல் குசினிக்குள் இருங்கள். எனக்குத் தேத்தண்ணி பிறகு தரலாம்.