டைல்ஸ் போடுபவர் தொழிலதிபராம்!

"தொழிலாளியாக வராதே, தொழிலதிபராக வா!" என்று ஒரு நாடு சொல்லுமா? ஜெர்மனி சொல்லாமற் சொன்னது, தோழர்களே!

2004 மே முதல் நாள் போலந்து ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. ஓடர் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. ஆனால் போலந்துத் தொழிலாளி அங்கே தன் விருப்பப்படி கூலி வேலையில் சேர முடியாது. அந்தக் கதவை 2011 ஏப்ரல் 30 வரை ஜெர்மனி சாத்தியே வைத்திருந்தது. பக்கத்துச் சன்னல் மட்டும் திறந்திருந்தது: சொந்தத் தொழில் நடத்துவதாகப் பதிந்துகொண்டால் வரலாம். அதே 2004இல் டைல்ஸ் போடும் தொழில் நடத்த 'மாஸ்டர்' பட்டம் தேவை என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். கரணையும் ரசமட்டமுமாகப் போலந்துக்காரர்கள் வந்து சேர்ந்தனர். பதிவேட்டிலே தொழிலதிபர், தரையிலே நாளெல்லாம் முழங்காலிட்டுக் கிடக்கும் உழைப்பாளி!

பெயர்தானே மாறியது, போகட்டும் என்று விட்டுவிடலாமா? பெயரோடு இன்ஷூரன்ஸும் அல்லவா போகிறது! கூலித் தொழிலாளி என்றால் ஓய்வூதியச் சந்தாவில் பாதி முதலாளியுடையது. விபத்து இன்ஷூரன்ஸ் சந்தா முழுவதுமே முதலாளியுடையது. இந்தத் 'தொழிலதிபருக்கு' ஓய்வூதிய இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஒரே ஒப்பந்தக்காரரை நம்பிப் பிழைப்பவருக்குக் கட்டாயம் உண்டு. ஆனால் முதலாளியின் பாதியையும் அவரே கட்டித் தொலைக்க வேண்டும்! விபத்து இன்ஷூரன்ஸோ அவரவர் விருப்பம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தால், "நீ சேரவில்லையே" என்று கையை விரிக்கலாம்.

இதற்கு ஐரோப்பிய விதி இல்லையா? உண்டு. எல்லை தாண்டும் கூலித் தொழிலாளருக்கு 1959 ஜனவரியிலேயே வந்துவிட்டது. சொந்தத் தொழில் செய்வோரை அதில் சேர்க்க 1982 ஜூலை வரை, 23 ஆண்டுகள் பிடித்தன! இன்று நடப்பிலுள்ள விதி 2010 மே முதல் அமலாகிறது. ஒரு சமயத்தில் ஒரு நாட்டுச் சட்டம்தான். இரு நாட்டுக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. 24 மாதத்திற்கு மேற்படாத வேலைக்குப் போகிறவர் சொந்த நாட்டிலேயே சந்தா கட்டி, ஏ-1 சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இரு நாட்டில் கட்டிய காலமும் ஓய்வூதியத்திற்குச் சேர்த்தே எண்ணப்படும்.

நல்ல விதிதான்; நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் இலை போடுவது என்று சொல்லும் விதி, அந்த வீட்டில் சோறு இருக்கிறதா என்று பார்ப்பதில்லையே! சொந்த நாட்டில் சந்தா கட்டினால் மட்டும் என்ன? போலந்திலும் சொந்தத் தொழில் செய்வோருக்கு நோய்க்கால உதவித்தொகை விருப்பத்துக்கு விடப்பட்டதுதான். தனியாகச் சந்தா கட்டாதவர் காய்ச்சலில் படுத்தால் காசு கிடையாது.

முடியாத காரியமா கேட்கிறோம்? அதே ஜெர்மனியில், சொந்தமாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கும் பத்திரிகை எழுத்தாளர்களுக்கும் 1983 முதல் தனித் திட்டமே நடக்கிறது. நூறு மார்க்கானாலும் யூரோவானாலும் கலைஞர் கட்டுவது 50. அவர் உழைப்பை வாங்கிப் பயன்படுத்தும் பதிப்பகமும் நாடக அரங்கும் அவை போன்ற பிறவும் 30. சர்க்கார் 20. பாட்டுப் பாடுகிறவருக்குச் செய்ய முடிந்ததை டைல்ஸ் போடுகிறவருக்கு ஏன் செய்யக் கூடாது? கட்டட ஒப்பந்தக்காரரிடம் அந்த 30ஐக் கேட்க யாருக்கு நா எழவில்லை?