புயல் வருகிறதாம்... பை தயாரா?

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், "பெரும் புயல் வருகிறது, உடனே பகிருங்கள்" என்று புலனத்தில் குரல் பதிவுகள் கிளம்பிவிடும். கூடவே வரும் காணொளி எந்த நாட்டில், எந்த ஆண்டில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பத்து முறை வீணாகப் பயந்தவர் பதினோராவது முறை உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவார் என்பதுதான் இதில் ஆபத்து.

நம் பக்கம் புயலே வராது என்றும் இருந்துவிட முடியாது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்று நம்பியிருந்த காலத்தில்தான், 2001 டிசம்பர் 27-இல் 'வாமெய்' ஜோகூரின் தென்கிழக்கில் கரையைக் கடந்தது. குனோங் பூலாய் நிலச்சரிவில் உயிர்களும் போயின.

2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிய மழையின்போது இப்படிப் பெயர் சொல்லிப் பயமுறுத்த ஒரு புயல் இல்லை. வானிலை ஆய்வுத் துறை எச்சரித்திருந்தது. ஆனாலும் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தனர். எச்சரிக்கை வந்தது, எப்போது கிளம்புவது, எங்கே போவது என்பது பலருக்குத் தெரியவில்லை.

அதிகாரப்பூர்வ எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலை இருக்கும். இடமும் தேதியும் இருக்கும். இவை இல்லாத குரல் பதிவை அப்போதே அழித்துவிடலாம். அந்த நேரத்தில் மைகார்டு, பிறப்புப் பத்திரம், மருந்துகளை ஒரு நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். துயர் துடைப்பு மையம் எந்தப் பள்ளியில், பக்கத்து வீட்டுப் பாட்டியை யார் தூக்கிச் செல்வது என்று இன்றே பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு ஒரே மண்சாலை என்றால், அது மூழ்கும் முன்பே கிளம்ப வேண்டும்.