சங்க அறை யாருக்கு?

தோழர்கள் தங்குவதற்கென்று ஒதுக்கிய சங்க அறைகள் கோடையில் பூட்டிக் கிடக்கின்றன. உறுப்பினரல்லாதவர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று கும்மிடிப்பூண்டித் தோழர்கள் கேட்கிறார்கள். விடலாம் என்பதே நமது கருத்து.

“நாம் சந்தா கட்டி எழுப்பிய கட்டிடம், சந்தா கட்டாதவனுக்கு எதற்கு?” என்கிறார்கள் சிலர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சந்தா கட்டாதவர் யார்? உருக்காலையில் நம் பக்கத்தில் நின்று வேகும் பீகார், ஒடிசாத் தொழிலாளி. வயலில் நாற்று நடவும் வருபவர். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் புழுங்குகிறார். படுக்கும் இடம் காண்டிராக்டருடையது; உரிமை கேட்டால் வேலையோடு இடமும் போய்விடும். அவர் எப்படித் துணிந்து சங்கத்துக்கு வருவார்?

இவர்களுக்கு இருப்பிடம் தருவது காண்டிராக்டரின் கடமை என்றது 1979ம் வருடச் சட்டம். 2025 நவம்பர் 21ல் அமுலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்தக் கடமையே இல்லை! கேரள இடதுசாரி அரசு 2019ல் கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ விடுதி திறந்தது. 600 பேருக்கு மேல் தங்கலாம். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024ல் 18,720 பெண் தொழிலாளருக்கு விடுதி எழுந்தது. கும்மிடிப்பூண்டிக்கும் அரசு விடுதி வேண்டும், அதற்குப் போராடுவோம்.

அதுவரை சங்க அறையைத் திறப்போம். மின்சார, தண்ணீர்ச் செலவுக்கு மேல் வாடகை கூடாது. ரசீது தொழிலாளியின் கையில். காண்டிராக்டர் நடுவில் வரக் கூடாது. வரவு செலவை எந்தத் தோழரும் பார்க்கலாம். “உறுப்பினரானால்தான் இடம்” என்றும் சொல்லக் கூடாது. கூரையைக் காட்டி ஆள் பிடிப்பது கங்காணி வேலை, நம் வேலையல்ல.

பயமில்லாமல் உறங்கி எழுந்தவர் நாளை தாமே சந்தாப் புத்தகம் கேட்பார். கேட்காவிட்டாலும் அவர் தொழிலாளிதான், தோழர்களே!